கடல் கடந்து போன ஆங்கிலக் குடும்பத்தின் வேரைத் தேடுவது: உயிலா, கொடிவழியா?

17-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் பூர்வீகத்தை இங்கிலாந்தில் கண்டுபிடிக்க வேண்டும். கையில் அச்சில் வந்த ஒரு கொடிவழிப் பட்டியல் இருக்கிறது. அதை அப்படியே நம்பலாமா, இல்லை பழைய உயில்களைத் தேடிப் போக வேண்டுமா? இதுதான் கேள்வி.

கொடிவழியைத் துப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சாட்சியாக ஏற்காதீர்கள். உயிலைச் சாட்சியாக ஏற்கலாம். ஆனால் கப்பலேறிப் போனவனுடைய அப்பாவின் உயிலை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அத்தை, பாட்டியின் இரண்டாவது கணவர், கல்யாணமாகாத பெரியப்பா, ஞானத்தகப்பன் என்று பக்கத்துக் கிளைகளில் இருப்பவர்களின் உயில்களில்தான் போனவனுடைய பெயர் ஒளிந்திருக்கும். இதற்கு என்னிடம் இருக்கும் நல்ல உதாரணம், உலகமே பெயரறிந்த ஒரு குடும்பம். ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் யார் என்பதைச் சரியாகச் சொல்ல ஏறக்குறைய நூறு வருஷம் ஆனது. நடுவில் அறுபது, எழுபது வருஷம் ஒரு தப்பான கொடிவழியைப் பெரிய மனிதர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜார்ஜின் அப்பா அகஸ்டின், தாத்தா லாரன்ஸ், கொள்ளுத்தாத்தா ஜான். இந்த ஜான்தான் முதலில் வர்ஜீனியாவில் கால் வைத்தவர். குடியேற வேண்டும் என்று திட்டம் போட்டு வந்தவர் அல்ல. லண்டனிலிருந்து வந்த 'சீ ஹார்ஸ்' என்ற வணிகக் கப்பலில் வேலை செய்தவர். புகையிலை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது 1657 தொடக்கத்தில் கப்பல் போட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது. ஜான் அங்கேயே தங்கிவிட்டார். நத்தானியேல் போப் என்ற வசதியான நிலக்காரரின் மகள் ஆனைக் கல்யாணம் செய்துகொண்டார். தம்பி லாரன்ஸும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

ஜானைப் பற்றி ஒரு சுவையான ஆவணம் உண்டு. 1659-ல், கப்பல் முதலாளி எட்வர்ட் பிரெஸ்காட் நடுக்கடலில் ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று தூக்கில் போட அனுமதித்தார் என்று ஜான் மேரிலாந்து ஆளுநரிடம் புகார் கொடுத்தார். விசாரணைக்கு நாள் குறித்ததும், அன்றைக்கு என் மகனுக்கு ஞானஸ்நானம், வர முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டார். புகார் கொடுத்தவர் வராததால் பிரெஸ்காட் விடுதலையானார். மனிதர் எப்படிப்பட்டவர் என்பதை இப்படிப்பட்ட வழக்குக் காகிதங்கள் கொடிவழிப் பட்டியலை விட நன்றாகவே சொல்லும். ஆனால் எந்த ஊர்க்காரர் என்று அதில் எங்கும் இல்லை. அதுதான் பிரச்சினை.

ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியான பிறகு, 1791-ல், லண்டனிலிருந்து சர் ஐசக் ஹெர்ட் அவருக்குக் கடிதம் எழுதினார். ஹெர்ட் சாதாரண ஆள் இல்லை. குலச்சின்னங்களையும் கொடிவழிகளையும் அதிகாரபூர்வமாகக் கவனிக்கும் லண்டன் குலச்சின்னக் கல்லூரியின் தலைமை அதிகாரி. உங்கள் குடும்ப விவரம் தாருங்கள் என்று கேட்டார். 1792 மே மாதம் வாஷிங்டன் பதில் போட்டார்: இந்த விஷயத்தில் நான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை, முன்னோர்கள் வட இங்கிலாந்தின் ஏதோ ஒரு மாவட்டத்திலிருந்து, லங்காஷயர், யார்க்ஷயர் அல்லது இன்னும் வடக்கே எங்கிருந்தோ வந்ததாகக் கேள்வி. அவ்வளவுதான்.

ஹெர்ட் என்ன செய்தார் தெரியுமா? நார்தாம்ப்டன்ஷயரில் 1618-ல் அதிகாரிகள் எழுதிவைத்த கொடிவழியில் சல்கிரேவ் என்ற ஊரைச் சேர்ந்த வாஷிங்டன் குடும்பம் இருந்தது. அதில் ஜான், லாரன்ஸ் என்று இரண்டு சகோதரர்கள். வர்ஜீனியாவுக்குப் போனவர்களும் ஜான், லாரன்ஸ் என்ற சகோதரர்கள். குடும்பப் பெயர் ஒன்று, இரண்டு பேரின் பெயரும் ஒன்று, அண்ணன் தம்பி உறவும் ஒன்று. அப்புறம் என்ன வேண்டும்? இவர்கள்தான் அவர்கள் என்று முடித்துவிட்டார். 1822-ல் நார்தாம்ப்டன்ஷயர் வரலாறு எழுதிய ஜார்ஜ் பேக்கர் அதை அச்சில் ஏற்றினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். நீங்கள் இன்றைக்கு இணையத்தில் பார்க்கும் குடும்ப மரங்களில் பாதிக்கு மேல் இதே தப்பைத்தான் செய்கின்றன என்பது என் அனுபவம். பெயர் பொருந்தினால் ஆளும் பொருந்திவிட்டார் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இதை உடைத்தவர் கர்னல் ஜோசப் லெமுவேல் செஸ்டர் என்ற அமெரிக்கர். 1858-ல் லண்டனுக்கு வந்து, சாகும்வரை பதிவேடுகளைப் புரட்டியே வாழ்ந்தவர். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் பதிவேடுகளை 1876-ல் பதிப்பித்தவரும் இவரே. 1866-ல் அவர் எழுதிய வாதம் எளிமையானது. கொடிவழியில் உள்ள ஜான், சர் பட்டம் பெற்றவர். வர்ஜீனியா ஆவணம் எதிலும் அங்கே இருந்த ஜானை யாரும் சர் என்று எழுதவில்லை. அந்தக் காலத்தில் பட்டத்தை விட்டுவிட்டு எழுத யாருக்கும் மனம் வராது. கொடிவழியில் உள்ள லாரன்ஸ் ஒரு பாதிரியார், எசெக்ஸில் பர்லி என்ற ஊரின் கோயில் பொறுப்பில் இருந்தவர். வர்ஜீனியா லாரன்ஸோ வியாபாரம், நிலம் என்று இருந்தவர். வயதும் ஒத்துவரவில்லை. ஆக, ஹெர்ட் சொன்னது தப்பு. ஆனால் சரியானது எது என்பதைச் செஸ்டரால் நிரூபிக்க முடியவில்லை. 1882-ல் இறந்துபோனார்.

அடுத்த வருஷம், 1883-ல், பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து வரலாற்று, வம்சாவளிச் சங்கம் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் ஊரைச் சேர்ந்த ஹென்றி ஃபிட்ஸ்கில்பர்ட் வாட்டர்ஸை லண்டனுக்கு அனுப்பியது. இவருடைய வேலைமுறைதான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது. உயில் பதிவேடுகள் அப்போது லண்டனில் சாமர்செட் ஹவுஸ் என்ற கட்டடத்தில் இருந்தன. அவற்றின் அட்டவணையில் உயில் எழுதியவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். உயிலுக்குள்ளே யார் யாருக்கு என்ன கிடைத்தது என்பது அட்டவணையில் வராது. வாட்டர்ஸ் அட்டவணையை நம்பாமல், பெரிய பெரிய பதிவேடுகளை ஏடு ஏடாகப் படித்து, அமெரிக்கா சம்பந்தப்பட்ட பெயர் எதைக் கண்டாலும் குறித்துக்கொண்டார். இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகம், அந்தக் காலத்தில் உயில்களைப் பதிந்த கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்தின் உயில்களை எண்மப் படங்களாகத் தருகிறது. மொத்தம் பத்து லட்சத்துக்கு மேல். ஆனால் அதன் பட்டியலிலும் உயில் எழுதியவரின் பெயர், தொழில், ஊர், தேதி தவிர வேறொன்றும் இல்லை.

சரி, வாட்டர்ஸ் கண்டுபிடித்தது என்ன? 1889-ல் அவர் வெளியிட்ட ஆதாரங்களின் மையத்தில் இருப்பது ஆண்ட்ரூ நோலிங் என்பவரின் உயில். ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் டிரிங் என்ற சிறிய ஊர். நோலிங் 1650 ஜனவரியில் அங்கே உயில் எழுதினார். பழைய கணக்கில் 1649. அப்போது ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதிதான் தொடங்கும். 1752-ல்தான் ஜனவரி 1-க்கு மாறினார்கள். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான தேதிகளை 1649/50 என்று இரட்டையாக எழுதுவது வழக்கம். இதைக் கவனிக்காமல் அப்பா இறந்து பத்து மாதம் கழித்து அப்பாவே உயில் எழுதினார் என்று காட்டும் குடும்ப மரங்கள் ஏராளம்.

நோலிங் தன் சொத்தில் பெரும்பகுதியை ஞானமகனான சிறுவன் லாரன்ஸ் வாஷிங்டனுக்கு எழுதிவைத்தார். ஆம்ஃபிலிஸ் வாஷிங்டன் என்ற பெண்ணையும் அவளுடைய மற்றப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்: ஜான், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா. ஆம்ஃபிலிஸை மருமகள் என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் மனைவியின் முதல் கல்யாணத்தில் பிறந்த மகளையும் அப்படித்தான் எழுதுவார்கள். இது தெரியாவிட்டால், நோலிங்குக்கு ஒரு மகன் இருந்தான், அவன் வாஷிங்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டான் என்று கதை கட்ட வேண்டியிருக்கும்.

இந்த உயிலைக் கையில் வைத்துக்கொண்டு டிரிங் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தால் லாரன்ஸ் வாஷிங்டனின் பிள்ளைகள் வருகிறார்கள்: 1635-ல் லாரன்ஸ், 1636-ல் எலிசபெத், 1641-ல் வில்லியம். தகப்பன் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' என்று எழுதியிருக்கிறது. அன்றைக்கு அது கண்டவருக்கெல்லாம் போடுகிற அடைமொழி இல்லை. படித்தவர், கண்ணியமான குடும்பத்தவர் என்று அர்த்தம். அப்புறம் 1656 பிப்ரவரியில் ஓர் ஆணை: உயில் எழுதாமல் இறந்த டிரிங் ஊர் ஆம்ஃபிலிஸ் வாஷிங்டனின் உடைமைகளை நிர்வகிக்கும் உரிமை அவளுடைய மகன் ஜானுக்கு. அதாவது அந்தத் தேதியில் ஜான் இங்கிலாந்தில் இருந்தார். ஒரு வருஷம் கழித்து ஒரு ஜான் வாஷிங்டன் போட்டோமாக்கில் தரைதட்டுகிறார். தேதி அழகாகப் பொருந்துகிறது. ஆனாலும் இதோடு நிறுத்தினால் ஹெர்ட் செய்த தப்பையே நாமும் செய்தவர்களாவோம். ஜான், லாரன்ஸ் என்ற இரண்டு பெயரை வைத்து முடிவுகட்டுவது போதாது.

இங்கேதான் வர்ஜீனியாப் பக்கத்துக் காகிதங்கள் வேண்டும். ஜான் 1675 செப்டம்பரில் உயில் எழுதினார். அதில் இங்கிலாந்திலுள்ள தன் பணத்திலிருந்து தங்கை மார்த்தாவுக்குப் பத்து பவுண்டு தருகிறார்; அவள் இந்த நாட்டுக்கு வந்து சேர ஆன செலவையும் தள்ளுபடி செய்து, நாலாயிரம் ராத்தல் புகையிலையும் கொடுக்கச் சொல்கிறார். மார்த்தா வந்தாள், கல்யாணமாகி ஹேவர்ட் குடும்பத்துக்குப் போனாள், 1697-ல் உயில் எழுதினாள். அந்த உயிலில் இங்கிலாந்தில் இருக்கும் மூத்த அக்கா எலிசபெத் ரம்பால்டுக்கும், இன்னொரு சகோதரி மார்கரெட் டால்பட்டுக்கும் புகையிலை அனுப்பச் சொல்கிறாள். எலிசபெத், மார்கரெட், மார்த்தா. நோலிங் உயிலில் இருந்த அதே மூன்று பெண்கள். ஜானும் லாரன்ஸும் இங்கிலாந்தில் எத்தனை வீட்டில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஜான், லாரன்ஸ், எலிசபெத், மார்கரெட், மார்த்தா ஐந்து பேரும் ஒரே வாஷிங்டன் வீட்டில் இருக்க, வேறொரு குடும்பத்துக்கு அதே அமைப்பு வாய்க்க வழியில்லை. நிரூபணத்தைத் தந்தது பெண்களின் பெயர்கள். ஆண் வாரிசு வரிசையை மட்டும் எழுதிய பழைய கொடிவழிகளில் அந்தப் பெயர்களுக்கே இடமில்லை.

தம்பி லாரன்ஸின் தடயமும் தனியாக ஒரு ஊரைக் காட்டுகிறது. தன் உயிலில் இங்கிலாந்தில் உள்ள சொத்து முழுவதையும் மகள் மேரிக்கு வைத்தார். லண்டனில் 1677-ல் அவருடைய கடன்காரர் எட்மண்ட் ஜோன்ஸுக்கு ஒரு நிர்வாக ஆணை கிடைத்தது. அதில் இறந்தவரை, முன்பு பெட்ஃபர்ட்ஷயர் லூட்டனில் இருந்தவர், வர்ஜீனியாவில் இறந்தவர் என்று எழுதியிருக்கிறார்கள். லூட்டன் டிரிங்கிலிருந்து அதிக தூரமில்லை. லாரன்ஸ் 1660-ல் லூட்டனில் கல்யாணம் செய்த பெண் மேரி ஜோன்ஸ்.

டிரிங்கிலிருந்து மேலே சல்கிரேவ் வரை போக ஓர் அத்தை உதவினார். கொடிவழியில் இருக்கும் எலிசபெத் வாஷிங்டன், மியூஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு விதவையாக லண்டனில் இருந்தவர். அவர் தன் உயிலில் அண்ணன் மகள் எலிசபெத் ரம்பாலுக்குப் பணம் வைத்தார். வர்ஜீனியாவிலிருந்து மார்த்தா புகையிலை அனுப்பச் சொன்ன அதே அக்கா. ஆக டிரிங் பிள்ளைகளின் தகப்பன், சல்கிரேவ் குடும்பத்தில் பிறந்த பாதிரியார் லாரன்ஸ். வேடிக்கை என்னவென்றால், ஹெர்ட் கடல்கடந்து போனவராகக் காட்டிய அதே லாரன்ஸ்! அவர் போகவில்லை, அவருடைய பிள்ளைகள் போனார்கள். ஹெர்ட் சரியான வீட்டுக்குள் நுழைந்து ஒரு தலைமுறை தள்ளி உட்கார்ந்துவிட்டார். அவர் கையிலிருந்த கொடிவழி 1618-ல் எழுதியது; வர்ஜீனியாவுக்குப் போனவர்கள் அப்போது பிறக்கவே இல்லை.

ஏன் போனார்கள் என்பதற்கும் காகிதங்களில் பதில் இருக்கிறது. சல்கிரேவை வாங்கியவர் இன்னொரு லாரன்ஸ் (இந்தக் குடும்பத்துக்கு வேறு பெயரே கிடைக்கவில்லை போலும்). கம்பளி வியாபாரி, 1532-லும் 1545-லும் நார்தாம்ப்டன் நகர மேயர். மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1539-ல், மடத்து நிலத்தை அரசிடமிருந்து 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்ஸுக்கு வாங்கினார். பூர்வீகம் லங்காஷயரில் வார்ட்டன். அதாவது வடக்கே எங்கோ என்று ஜார்ஜ் வாஷிங்டன் சொன்ன கேள்விப்பேச்சு பொய்யில்லை. பேரன் காலத்தில் கையிருப்பு தேய்ந்து 1610-ல் சல்கிரேவ் உறவினர் கைக்குப் போனது. பாதிரியார் லாரன்ஸ் ஆக்ஸ்ஃபர்ட் பிரேஸ்னோஸ் கல்லூரியில் ஆய்வாளர் பதவியில் இருந்தார். கல்யாணம் செய்துகொண்டால் அந்தப் பதவியில் நீடிக்க முடியாது. 1633-ல் பர்லி கோயிலுக்கு வந்தார். உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்றதால் 1643-ல் நாடாளுமன்றத்தார் அவரைத் துரத்தினார்கள். சாராயக் கடையே கதி என்று கிடப்பவர் என்றும் அச்சிட்டுப் பரப்பினார்கள். எதிர்க்கட்சி எழுதிய காகிதம் அது, அந்த அளவுக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 1653 ஜனவரியில் வறுமையில் இறந்து மால்டனில் புதைக்கப்பட்டார். பிள்ளைகளுக்கு விட்டுப்போக ஒன்றுமில்லை. மூத்தவன் கப்பலுக்குப் போனான்.

வாட்டர்ஸின் எல்லா முடிவும் நிலைக்கவில்லை. ஆம்ஃபிலிஸ் ரோட்ஸ் குடும்பத்துப் பெண் என்று 19-ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களில் எழுதினார்கள். நோலிங் உயிலில் ரோட்ஸ் உறவினர்கள் வருவதால் வந்த ஊகம். பின்னால் வந்த ஆய்வில் அவர் நார்தாம்ப்டன்ஷயர் டுவிக்டன் குடும்பத்தவர் என்று தெளிவானது. பழைய புத்தகங்களில் ரோட்ஸ் என்று இன்னும் கிடக்கும்.

இனி உங்கள் தேடலுக்கு வருவோம். இங்கிலாந்தில் 1858 ஜனவரி 11 வரை உயில்களைச் சரிபார்த்துப் பதிந்தவை திருச்சபை நீதிமன்றங்கள். ஒரே வட்டாரத்துக்குள் சொத்து என்றால் அங்குள்ள கீழ் நீதிமன்றம். ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் ஐந்து பவுண்டுக்கு மேல் உடைமை இருந்தால் பேராயரின் நீதிமன்றம்: தெற்கே கேன்டர்பரி, வடக்கே யார்க். யார்க் உயில்கள் இன்று யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் நிறுவனத்தில் இருக்கின்றன. இங்கிலாந்தில் உடைமை இருந்து வெளிநாட்டில் அல்லது கடலில் இறந்தவர்களின் காரியம் கேன்டர்பரி நீதிமன்றத்துக்கு வரும். ஆகவே அமெரிக்காவுக்குப் போனவர்களைத் தேடுகிறவர்கள் அங்கே தொடங்குவது நியாயம். 1653 முதல் 1660 வரை, மன்னரில்லாத காலத்தில், நாடு முழுவதற்கும் லண்டனில் ஒரே நீதிமன்றம்தான். அந்த ஆண்டுகளில் உங்கள் ஆட்கள் யாராவது இறந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். உயில் இல்லாதவர்களின் நிர்வாக ஆணைகள் தனி வரிசை. அவை ரெண்டு வரிதான், பெரும்பாலும் லத்தீனில் இருக்கும், அதனாலேயே பலர் பார்ப்பதில்லை. வாஷிங்டன் விஷயத்தில் அந்த ரெண்டு வரிகள் எவ்வளவு வேலை செய்தன என்று பார்த்தீர்கள்.

உயிலில் இல்லாததை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அந்தக் காலத்தில் மூத்த மகன் நிலத்தை வாரிசு உரிமைப்படியே பெற்றுவிடுவான். அவனுக்கு உயிலில் ஒரு ஷில்லிங் இருக்கும், அல்லது பெயரே இருக்காது. கப்பலேறுவதற்கு முன்பே பங்கை வாங்கிக்கொண்டு போனவனும் அப்படித்தான். கணவன் உயிரோடிருக்கும் மனைவி அன்றைக்கு அவன் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. ஆகவே பெண்களின் உயில்கள் என்றால் விதவைகளும் கல்யாணமாகாதவர்களும்தான். ஆனால் அவர்கள் உயில்கள்தான் தங்கச் சுரங்கம். நிலத்தைப் பற்றிய கவலை இல்லாததால் வெள்ளிக் கரண்டி, மோதிரம், படுக்கை, பாவாடை என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு உறவுக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். உறவுச் சொற்களில் மட்டும் ஜாக்கிரதை. அண்ணன் மகனையும் கசின் என்று எழுதுவார்கள். மனைவியின் தம்பி, தங்கையின் கணவன் எல்லோரும் சகோதரர்கள்.

அம்மாவின் உயிலால் ஆளைக் கண்டுபிடித்த கதைக்கு ஜான் ஹார்வர்டைச் சொல்லலாம். தன் சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் மாசசூசெட்ஸின் புதிய கல்லூரிக்கு விட்டு 1638-ல் இறந்தவர். கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள், ஆனால் அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது 1885 வரை யாருக்கும் தெரியாது. அதையும் வாட்டர்ஸ்தான் கண்டுபிடித்தார். அப்பா ராபர்ட், லண்டன் சதர்க்கில் கறிக்கடைக்காரர், 1625 கொள்ளைநோயில் போய்விட்டார். அம்மா கேத்தரின் ஒரு பீப்பாய் வியாபாரியைக் கல்யாணம் செய்தார், அவரும் சில மாதங்களில் இறந்தார், பிறகு மளிகை வணிகர் ரிச்சர்ட் இயர்வுட். 1635-ல் கேத்தரின் இறந்தபோது அவர் உயில் இயர்வுட் என்ற பெயரில் பதிவானது. ஹார்வர்ட் என்று அட்டவணையில் தேடியிருந்தால் அது ஒருபோதும் அகப்பட்டிருக்காது. ஞானஸ்நானப் பதிவேட்டிலோ 1607-ல் பையன் பெயர் ஹார்வி என்று விழுந்திருக்கிறது. காதில் விழுந்ததை எழுதும் காலம் அது, எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் காரியம் நடக்காது. தம்பி தாமஸின் உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களில் ஜானும் ஒருவர். 1637 மே மாதம் அது பதிவானபோது மற்றவர் மட்டும் வந்து நின்றார். ஜானுக்கான உரிமையைப் பின்னாளுக்கு ஒதுக்கிவைத்தார்கள். ஆள் அப்போது ஊரில் இல்லை. உயிலின் அடியில் இருக்கும் பதிவுக் குறிப்பையும் படியுங்கள் என்பது இதற்காகத்தான்.

அமெரிக்கப் பக்கத்தில் இன்னொரு நல்ல ஊற்று இருக்கிறது. இங்கிலாந்தில் தனக்கு எழுதிவைத்த பணத்தை வாங்க, குடியேறியவர் அங்குள்ள ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுப்பார். அதில் இறந்த உறவினரின் பெயர், ஊர், உறவுமுறை எல்லாம் வந்துவிடும். பாஸ்டனில் தாமஸ் லெச்ஃபர்ட் என்ற வழக்கறிஞரின் 1638 முதல் 1641 வரையிலான குறிப்பேடும், வில்லியம் ஆஸ்பின்வாலின் 1644 முதல் 1651 வரையிலான பதிவுகளும் அச்சில் இருக்கின்றன. உங்கள் குடும்பம் அமெரிக்காவின் வடகிழக்கே உள்ள நியூ இங்கிலாந்துப் பக்கம் என்றால் இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் போடுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

கொடிவழிகளைப் பற்றி. 1530 முதல் 1688 வரை குலச்சின்ன அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுப்பயணம் போய், சின்னம் போட்டுக்கொள்ளும் குடும்பங்களைக் கூப்பிட்டு விசாரித்துப் பதிந்தார்கள். குடும்பத்தலைவர் சொல்வதுதான் பெரும்பாலும் ஆதாரம். அவருடைய பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், அப்பா, தாத்தா வரை நம்பலாம். அவருக்கு நேரில் தெரிந்த ஆட்கள். அதற்கு மேலே போனால் கல்யாணத் தரகர் கொண்டுவரும் குடும்ப விவரம் மாதிரிதான், குறை ஒன்றும் இருக்காது. அச்சில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 1869-ல் தொடங்கிய ஹார்லியன் சங்கம் வெளியிட்டவை. அவற்றில் பல, குலச்சின்னக் கல்லூரியின் மூலத்திலிருந்து எடுத்தவை அல்ல. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள பிரதிகளிலிருந்து எடுத்தவை. அந்தப் பிரதிகளில் பிற்கால ஆட்கள் தங்கள் இஷ்டத்துக்குக் கிளைகளைச் சேர்த்திருப்பார்கள். அச்சான பக்கத்தில் எது மூலம், எது ஒட்டு என்று பிரித்துப் பார்க்க முடியாது. இளைய மகன்களைப் பற்றி இரண்டு சொல்தான் இருக்கும், கடல்கடந்து போகிறவர்களோ அநேகமாக இளைய மகன்கள். அந்த இடைவெளியில்தான் ஏமாற்றுக்காரர்கள் புகுந்தார்கள்.

குஸ்டாவ் ஆன்ஜோ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஸ்வீடனில் பிறந்து நியூயார்க்கில் இருந்தவர், 1942-ல் இறந்தார். பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்கு விலைக்குக் கொடிவழி செய்து கொடுத்தார். அவர் வேலையில் பெரும்பகுதி நிஜ ஆவணம், நிஜ உயில், நிஜத் தேதி. முக்கியமான ஒரே ஒரு கணுவில் மட்டும் எங்கும் இல்லாத ஓர் உயில் அல்லது பதிவு வரும். அதற்கு முன் 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் வேலை செய்த ஹோரேஷியோ சாமர்பி மேலும் இதே குற்றச்சாட்டு உண்டு. உங்கள் கையில் இருக்கும் பட்டியலைச் சோதிக்க ஒரு வழி: குடியேறியவனையும் இங்கிலாந்தில் இருந்த அப்பாவையும் இணைக்கும் அந்த ஒரு வரிக்கு மட்டும் ஆதாரம் கேளுங்கள். முன்னூறு வருஷத்து மேல் வரிசையை இப்போதைக்கு விடுங்கள். அந்த ஒரு வரிக்கு நீதிமன்றப் பெயரும் பதிவு எண்ணும் இல்லையென்றால், மீதி முழுவதும் வேறு யாருடைய முன்னோரோ.

இருந்தால், மூல உயிலின் படத்தை வாங்கி நீங்களே படியுங்கள். அந்தக் காலக் கையெழுத்து முதலில் மண்புழு ஊர்ந்த மாதிரி தெரியும், தொடக்க வாசகங்கள் எல்லா உயிலிலும் ஒன்றுபோல இருப்பதால் அவற்றை வைத்தே எழுத்துகளைப் பழகிக்கொள்ளலாம். பிறகு அவனுடைய எல்லா உடன்பிறப்புகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள், பெண்களின் கணவர் பெயர்கள் உட்பட. அம்மா மறுமணம் செய்தாரா என்று பாருங்கள். இத்தனை குடும்பப் பெயர்களிலும், அவன் போன ஆண்டுக்கு அப்புறம் முப்பது நாற்பது வருஷம் வரை, அதே ஊர் உயில்களை எடுத்துப் படியுங்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் என் தங்கை மகன், உயிரோடிருந்தால் இவ்வளவு, என்ற மாதிரி ஒரு வரிக்காகத்தான் இத்தனையும்.

தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துக் குடும்பம் என்றால் ஒரு சங்கடம் உண்டு. எக்ஸிட்டரில் இருந்த உயில் பதிவகம் 1942 மே மாதக் குண்டுவீச்சில் எரிந்துபோனது; டெவனின் உள்ளூர் நீதிமன்ற உயில்கள் பெரும்பாலும் அதோடு போயின. ஆனால் ஒலிவ் மோகர் என்ற ஆய்வாளர் அதற்கு முன்பே பல உயில்களைப் படித்துச் சுருக்கி எழுதிவைத்திருந்தார். அந்தத் தொகுப்பு எக்ஸிட்டரில் பார்க்கக் கிடைக்கிறது. கேன்டர்பரி நீதிமன்றத்துக்குப் போன டெவன்காரர்களின் உயில்கள் லண்டனில் இருந்ததால் தப்பின. முதலில் அவை இரண்டையும் பார்த்துவிட்டு, உங்கள் ஆளின் அக்கா தங்கைகள் யாராவது பக்கத்து மாவட்டங்களான சாமர்செட்டிலோ டார்செட்டிலோ வாழ்க்கைப்பட்டார்களா என்று தேடுங்கள்.